படலை முதல் படலை வரை: மட்டக்களப்பிலிருந்து தூர தேசம் போகிறவர்களுக்கு ஒரு நேரக் கணக்கு

விமான நிலையங்களுக்கிடையே தூரம் காட்டும் இணையத்தளங்களில் மட்டக்களப்பு, டொரன்டோ என்று இரண்டு பெயரையும் கொடுத்தால் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர் என்று வரும். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகம் என்று வைத்து, பறக்கும் நேரம் பதினைந்தரை மணி என்றும் கணக்கு வரும். கணிதப்படி இரண்டும் சரிதான். ஆனால் கல்லடியில் வீட்டுப் படலையைத் திறந்து வெளியே வந்தவர் பதினைந்தரை மணி நேரத்தில் டொரன்டோவில் ஒரு வீட்டுக்குள் நுழைய வழியே இல்லை. உண்மையில் ஆகிற நேரம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

வேலைக்கு, படிப்புக்கு, பிள்ளைகளைப் பார்க்க, உம்றாவுக்கு என்று முதல் தடவை விமானம் ஏறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தூரம் தெரிகிறது, டிக்கெட்டில் மணியும் இருக்கிறது, ஆனாலும் எப்போது வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும், எந்தக் கிழமை போய்ச் சேருவோம் என்று கேட்டால் பதில் வராது. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் எவரும் தானாகவே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எந்த நிலையம் என்று பாருங்கள்

மட்டக்களப்பு வாவி ஓரத்தில் விமான நிலையம் ஒன்று இருக்கிறது. அதற்கு பி.டி.சி. என்ற மூன்றெழுத்துக் குறியீடும் உண்டு. அம்பாறைப் பக்கம் உகனையில் உள்ள தளத்துக்கு ஜி.ஓ.ஒய். என்ற குறியீடு. குறியீடு இருப்பதால்தான் இணையத்தளங்கள் அங்கிருந்து உலகத்தின் எந்த மூலைக்கும் தூரம் காட்டுகின்றன. ஆனால் இரண்டும் உள்நாட்டுச் சிறிய விமானங்களுக்கான இடங்கள். வெளிநாடு போகிற உங்கள் டிக்கெட்டில் புறப்படும் இடமாக சி.எம்.பி. என்றுதான் இருக்கும். அது கட்டுநாயக்க. கொழும்பு என்று அச்சாகியிருந்தாலும் நிலையம் இருப்பது கொழும்புக்கு வடக்கே, நீர்கொழும்புக்குக் கிட்ட. (தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் மட்டும் 2019 இல் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.)

போய் இறங்கும் பக்கத்திலும் இதே கவனம் தேவை. லண்டன் என்ற ஒரே பெயரில் பல நிலையங்கள் இருக்கின்றன. ஹீத்ரோ என்றால் எல்.எச்.ஆர்., கெட்விக் என்றால் எல்.ஜி.டபிள்யூ. இரண்டுக்கும் இடையே வீதியால் 60 கிலோமீற்றருக்கு மேல். கூட்டிப்போக வருகிற அண்ணன் ஒன்றில் நிற்க, நீங்கள் மற்றதில் இறங்கினால் இரண்டு பேருக்குமே பெரிய அலைச்சல். ஊரின் பெயரைச் சொல்லாமல் குறியீட்டைச் சொல்லிப் பழகுங்கள்.

தூரம் என்று காட்டுவது என்ன

அந்த 14,000 கிலோமீற்றர், பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள ஆகக் குறுகிய கோட்டின் நீளம். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இலங்கையிலிருந்து கனடாவுக்குக் கோடு கீறினால் அது அரேபியா, வட ஆபிரிக்கா, அட்லாண்டிக் என்று போகும். உண்மையான குறுக்குவழி அதுவல்ல. ஒரு தோடம்பழத்தில் இரண்டு புள்ளி வைத்து நூலை இறுக்கிப் பிடித்தால் நூல் எப்படி வளைந்து கிடக்குமோ அப்படித்தான் இந்தக் கோடும் கிடக்கிறது. கட்டுநாயக்கவிலிருந்து வடக்கு நோக்கி ஏறி, இந்தியா, மத்திய ஆசியா, ரஷ்யா தாண்டி, கிரீன்லாந்துக்கு மேலாகக் கனடாவுக்குள் இறங்குகிறது. முதல் தடவை கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். விமானத்தில் முன்னிருக்கையின் பின்புறத் திரையில் ஓடும் படத்தைப் பார்த்தால் விளங்கும்.

அந்தக் கோட்டில் இலங்கையிலிருந்து எவரும் நேரடியாகப் பறப்பதில்லை. இதைவிடத் தூரமாகச் சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,000 கிலோமீற்றருக்கு மேல், 18 மணி நேரம் அளவில் இடைநில்லாமல் பறக்கும் சேவை இருக்கிறது. அப்படியான விமானத்தை நாள்தோறும் நிரப்பும் அளவுக்கு இங்கே பயணிகள் கூட்டம் இல்லை. ஆகவே நடுவில் ஓரிடத்தில் மாறித்தான் போக வேண்டும். அதனால் தூரம் எவ்வளவு கூடும் என்று பயப்பட வேண்டாம். கட்டுநாயக்க – டுபாய் ஏறக்குறைய 3,300 கிலோமீற்றர், டுபாய் – டொரன்டோ 11,100. மொத்தம் 14,400. லண்டன் வழியாகப் போனாலும் 8,700 உம் 5,700 உம் சேர்ந்து அதே 14,400 தான். நேர்கோட்டைவிட 400 கிலோமீற்றர் மட்டுமே கூட, நூற்றுக்கு மூன்று. எந்த வழியால் போனால் கிட்ட என்று கேட்பதில் பயனில்லை. எந்த வழியில் காத்திருப்பு குறைவு, எந்த வழியில் விசாச் சிக்கல் இல்லை என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

நம்மவர்கள் அதிகம் போகிற சில இடங்களின் தூரத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டுநாயக்கவிலிருந்து தோஹா 3,600 கிலோமீற்றர், ரியாத் 4,000, குவைத் 4,100, ஜித்தா 4,650, கொரியாவின் சியோல் 5,750, மெல்பேர்ண் 8,350. எல்லாம் ஏறக்குறைய. இதே தூரத்தைச் சில இடங்களில் மைலில் போடுவார்கள், விமானத் துறைக்காரர் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு மைல் 1.609 கிலோமீற்றர், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். லண்டன் ஓரிடத்தில் 8,700 என்றும் இன்னோரிடத்தில் 5,400 என்றும் வேறோரிடத்தில் 4,700 என்றும் இருந்தால் மூன்றும் ஒரே தூரம்தான், அலகு மட்டும் வேறு.

தூரத்தை நேரமாக மாற்றுவது

விமானம் மேலே போய்ச் சீராகப் பறக்கும்போதுதான் 900 கிலோமீற்றர் வேகத்தை ஒட்டிப் போகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் மெதுவான வேலைகள். அதனால் தூரத்தை 850 ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். டுபாய்க்கு 3,300 ஐ வகுத்தால் நான்கு மணிக்குச் சற்றுக் குறைய, அரை மணி கூட்டினால் நாலரைக்குக் கிட்ட. டிக்கெட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். லண்டனுக்கு இதே கணக்கில் பத்தே முக்கால் மணி வரும். போகும்போது பதினொரு மணியைத் தாண்டும், திரும்பி வரும்போது பத்தரை அளவில் முடியும்.

போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஏன் என்றால், காற்று. விமானங்கள் பறக்கும் 9 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில், இந்தியாவுக்கு வடக்கேயும் ஐரோப்பாவுக்கும் அட்லாண்டிக்குக்கும் மேலேயும், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பலமான காற்றோட்டம் இருக்கிறது. சில நாட்களில் அது மணிக்கு 200 கிலோமீற்றரையும் தாண்டும். மேற்கே போகிறவருக்கு அது எதிர்க்காற்று, ஊர் திரும்புகிறவருக்கு முதுகில் தள்ளுகிற காற்று. டுபாயிலிருந்து டொரன்டோ போக 14 மணி நேரம் எடுக்கிற இடத்தில், திரும்பி வர ஒரு மணி நேரமளவு குறைவாக எடுப்பது இதனால்தான்.

வான்பரப்பு மூடப்படுவது இன்னொரு காரணம். 2022 பெப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பிய, கனேடிய விமானங்கள் ரஷ்யாவுக்கு மேலால் பறப்பதில்லை, சுற்றித்தான் போகின்றன. 2025 ஜூன் 23 ஆம் திகதி கட்டார் தன் வான்பரப்பைச் சில மணி நேரம் மூடியபோது, தோஹாவில் மாற வேண்டிய ஆயிரக்கணக்கானவர்களின் பயணம் குழம்பியது. வளைகுடாப் பக்கம் பதற்றமான செய்தி கேட்கும் நாட்களில், பயணத்துக்கு முன்னைய இரவே விமானக் கம்பனியின் தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

டிக்கெட்டில் உள்ள மணியைப் படிப்பது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆறுதலாக வாசியுங்கள்.

டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு மணியும் அந்தந்த ஊரின் மணி. கட்டுநாயக்கவில் புறப்படும் மணி இலங்கை மணி, டுபாயில் இறங்கும் மணி டுபாய் மணி. ஆகவே இறங்கும் மணியிலிருந்து புறப்படும் மணியைக் கழித்தால் பறக்கும் நேரம் வராது. இரவு 8 மணிக்குக் கட்டுநாயக்கவில் ஏறி 10.30 க்குத் தோஹாவில் இறங்குவதாக இருந்தால், ‘இரண்டரை மணி நேரம்தானா, கொழும்புக்குப் போகிறதைவிடக் கிட்ட இருக்கே’ என்று நினைக்கத் தோன்றும். தோஹா நம்மைவிட இரண்டரை மணி பின்னால் இருக்கிறது. அதையும் கூட்டினால் ஐந்து மணி நேரம். மேற்கே போனால் கூட்டுங்கள், கிழக்கே போனால் கழியுங்கள். ஊருக்குத் திரும்பும்போது இது தலைகீழாகும்.

வித்தியாசங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டார், சவூதி, குவைத் நம்மைவிட இரண்டரை மணி பின். டுபாய், அபுதாபி ஒன்றரை மணி பின். கொரியா மூன்றரை மணி முன். இவை வருடம் முழுக்க மாறாது. லண்டன், சுவிஸ், பிரான்ஸ், கனடா, மெல்பேர்ண் அப்படியல்ல. அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின், கோடையில் நாலரை. சுவிஸும் பிரான்சும் நாலரை, மூன்றரை. டொரன்டோ குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை. மெல்பேர்ண் நம்மைவிட முன்னால்: அவர்களின் குளிர்காலத்தில் நாலரை, கோடையில் ஐந்தரை. அவர்களுக்குக் கோடை வருவது நமக்கு மார்கழி, தை மாதங்களில் என்பதையும் மறக்க வேண்டாம். எல்லா நாடும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. கனடாவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட அந்த வாரங்களில் பழைய வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு மணி பிசகும்.

கடிகாரம் மாறுவது நமக்கும் புதிதல்ல. 1996 இல் இலங்கையின் நேரத்தை முன்னே தள்ளினார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட பத்து வருடமும் ‘பழைய நேரமா, புதிய நேரமா?’ என்று கேட்டுக் கேட்டுத்தான் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் போனோம். அந்தக் கேள்வியை இப்போது ‘இலங்கை மணியா, அந்த ஊர் மணியா?’ என்று மாற்றிக் கேட்டால் போதும்.

அடுத்தது, நள்ளிரவு. வளைகுடா விமானங்கள் பல நடு இரவுக்குப் பிறகுதான் புறப்படும். டிக்கெட்டில் ‘15 ஆம் திகதி 00:40’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 14 ஆம் திகதி இரவு படுத்து எழும்புவதற்கு முன் வருகிற 12.40. பதினைந்தாம் திகதி என்று நாட்காட்டியில் வட்டம் போட்டு, அன்று பகல் உறவினருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, அன்று இரவு புறப்படுகிறவருக்கு விமானம் ஒரு நாள் முன்னமே போயிருக்கும். நீங்கள் கட்டுநாயக்கவில் நிற்க வேண்டியது 14 ஆம் திகதி இரவு 9.40 க்கு. மட்டக்களப்பை விட்டு வெளிக்கிட வேண்டியது 14 ஆம் திகதி பகல் ஒரு மணிக்கு. மணி 00, 01, 02, 03 என்று தொடங்கினால் உடனே முந்திய நாளின் திகதியைப் பக்கத்தில் பேனையால் எழுதிவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அந்தத் திகதியையே சொல்லுங்கள்.

இறங்கும் மணிக்குப் பக்கத்தில் சின்னதாகக் கூட்டல் ஒன்று (+1) என்று இருந்தால், அடுத்த நாள் இறங்குகிறீர்கள் என்று பொருள். கூட்டிப்போக வருகிறவருக்குச் சொல்ல வேண்டியது அந்த அடுத்த நாள் திகதி.

இடையில் மாறுவது

ஒரே பதிவு எண்ணில் முழுப் பயணமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால் பெரிய பைகளைக் கட்டுநாயக்கவில் கொடுத்துவிட்டுக் கடைசி ஊரில் எடுக்கலாம். முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பனியின் பொறுப்பு. மலிவு என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நடுவில் இறங்கிப் பையை எடுத்து, மறுபடி கொடுத்து, சில வேளை அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் எடுக்க வேண்டி வரும். முதல் தடவை போகிறவருக்கு, வயதான அம்மா அப்பாவுக்கு, தனித் தனி டிக்கெட் எடுத்துக் கொடுக்காதீர்கள். மிச்சப்படும் காசு அந்தத் தவிப்புக்கு ஈடாகாது. ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சில நாடுகளில் விமானம் மாறவே விசா கேட்பார்கள் என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் அந்த நாட்டின் தூதரகத் தளத்தைப் பார்ப்பது அவசியம்.

எவ்வளவு இடைவெளி வேண்டும்? கம்பனிகள் ஒரு மணி, ஒன்றேகால் மணி இடைவெளியுடன் எல்லாம் விற்கும். டுபாய், தோஹா போன்ற நிலையங்களில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ரயிலில் போக வேண்டியும் வரும், மறுபடி சோதனை வரிசை நிற்கும். பழகாதவருக்கு இரண்டரை முதல் நான்கு மணி நேரம் வசதி. எட்டு மணி, பத்து மணி என்று நீண்டால் உடம்பு களைத்துப்போகும். இறங்கியதும் மேலே எழுதியிருக்கும் பலகையில் உங்கள் அடுத்த விமான எண்ணைத் தேடி வாசல் இலக்கத்தைப் பாருங்கள். கையில் உள்ள அட்டையில் அச்சான வாசல் மாறியிருக்கக்கூடும்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர்கள், நேரம் தவறாமல் மாத்திரை எடுக்கிறவர்கள், மணி மாறும்போது எப்போது எடுப்பது என்று பயணத்துக்கு முன்பே டொக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து கைப்பையில் இருக்க வேண்டும். நோன்பு காலத்தில் மேற்கே பறந்தால் சூரியன் மறைவது பிந்திக்கொண்டே போகும், அதை மௌலவியிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

கட்டுநாயக்க போய்ச் சேரும் வரை

மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் 205 கிலோமீற்றர் அளவில்தான். விமானத்துக்கு அது அரை மணி வேலை. வீதியால் 300 கிலோமீற்றரை ஒட்டி வரும், வான் வண்டியில் ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். டுபாய் வரை பறக்க ஆகும் நேரத்தைவிட, கட்டுநாயக்க வரை உருண்டு போக ஆகும் நேரம் அதிகம். முழுப் பயணத்தில் மிக எளிதாகப் பிசகுகிற பகுதியும் இதுதான். பெரிய விமானம் ஒரு மணி பிந்தினால் அது செய்தி. நம்முடைய வீதியில் ஒரு மணி பிந்துவது வழமை.

வழக்கமான வழி வாழைச்சேனை, புணானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல். குருநாகலிலிருந்து கொழும்புக்குப் போகாமல் நீர்கொழும்புப் பக்கம் திரும்பிவிட வேண்டும். 2022 இல் திறந்த குருநாகல் – மீரிகம அதிவேகப் பாதையில் இறங்கிப் போகிற சாரதிகளும் உண்டு. மாரி மழையில் மகாவலி பெருக்கெடுத்தால் மன்னம்பிட்டிக்கும் பொலன்னறுவைக்கும் இடையே கல்லெல்லப் பக்கம் வீதியில் வெள்ளம் ஏறும். கார்த்திகை முதல் தை வரை பயணம் வைத்திருப்பவர்கள் புறப்படும் காலையில் வீதி திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, மழை கடுமையாக இருந்தால் ஒரு நாள் முந்தியே போய்விடுவது புத்தி.

அம்பாறை மாவட்டத்துக்காரருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறது. கல்முனை, காரைதீவு ஆட்கள் மட்டக்களப்புக்கு வந்து மேலே சொன்ன வழியைப் பிடிக்கலாம், ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அம்பாறை நகரத்திலிருந்து மஹியங்கனை, கண்டி வழியும் உண்டு. பதினெட்டு வளைவு ஏறி, கண்டி – கொழும்பு வீதி நெரிசலில் மாட்டி, மழை நாளில் மண்சரிவுக்கும் பயந்து போகிற அந்த வழியை விமானம் பிடிக்கும் நாளில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பொத்துவில், திருக்கோவில் பக்கம் என்றால் மொனராகலை, வெல்லவாய இறங்கி, 2020 இல் அம்பாந்தோட்டை வரை நீட்டிய தெற்கு அதிவேகப் பாதையைப் பிடிக்கலாம். சுற்றுத்தான், ஆனாலும் பாதையில் ஏறிய பிறகு கட்டுநாயக்க வரை சிக்னலும் சந்தியும் இல்லாமல் போகலாம்.

ரயிலில் போகிறவர்களுக்கு: உதயதேவி போன்ற மட்டக்களப்பு ரயில்கள் கோட்டைக்குத்தான் போகும். அங்கிருந்து 187 ஆம் இலக்க பஸ்ஸிலோ காரிலோ மறுபடி வடக்கே வர வேண்டும். பொலன்னறுவை, ஹபரணைக் காட்டுப் பகுதியில் யானைகளுக்காக ரயில் மெதுவாகப் போகும், நிற்கவும் செய்யும். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்குக் கிட்ட ரயில் மோதி ஆறு யானைகள் செத்துப்போயின, ரயிலும் தடம் புரண்டது. மலிவும் ஆறுதலும் வேண்டுமென்றால் ரயில் நல்லதுதான். ஆனால் விமானத்துக்கு முந்திய நாளே போய் நீர்கொழும்பில் ஒரு அறையில் தங்குவதாக இருந்தால் மட்டும் ரயிலை நம்புங்கள்.

வானில் போகிறவர்கள் சாரதியைப் பற்றி ஒரு நிமிடம் யோசியுங்கள். வழியனுப்ப என்று குடும்பமே ஏறிக்கொள்கிறது, நள்ளிரவில் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு அதே கையோடு திரும்புகிறது. போக ஏழு மணி, காத்திருக்க மூன்று மணி, வர ஏழு மணி, எல்லாவற்றுக்கும் ஒரே சாரதி. விடியப்புறம் மின்னேரியா, வெலிக்கந்தைப் பக்கம் வீதியில் யானையும் நிற்கும், கண்ணும் சொருகும். இரண்டாவது சாரதி ஒருவரைக் கூட்டிப் போங்கள், இல்லாவிட்டால் நீர்கொழும்பில் விடியும் வரை தூங்கிவிட்டுத் திரும்புங்கள். போகிறவரின் பயணத்தை மட்டும் கணக்கில் எடுத்துவிட்டு, திரும்பி வருகிறவர்களை மறந்துபோகிறோம்.

நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வந்துவிட வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் செய்த பதிவை அங்கேயும் காட்ட வேண்டும் என்பதால் இன்னும் அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். பல கம்பனிகள் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் கவுண்டரை மூடிவிடும். அதற்குப் பிறகு அழுதாலும் திறக்காது.

இப்போது முழுக் கணக்கு

ஒரு கோடை கால வெள்ளிக்கிழமை என்று எடுப்போம். கட்டுநாயக்கவில் இரவு 10 மணிக்கு விமானம். டுபாயில் சனி அதிகாலை 1 மணிக்கு இறக்கம், அங்கிருந்து 3.30 க்கு அடுத்த விமானம், டொரன்டோவில் சனி காலை 9.30 க்கு இறக்கம். இந்த மணிகள் உதாரணத்துக்காக நான் போட்டவை.

முதல் விமானம்: பத்திலிருந்து ஒன்று வரை மூன்று மணி, வித்தியாசம் ஒன்றரை, ஆக நாலரை. டுபாயில் காத்திருப்பு இரண்டரை. இரண்டாவது விமானம்: மூன்றரையிலிருந்து ஒன்பதரை வரை ஆறு மணி, டுபாய்க்கும் டொரன்டோவுக்கும் கோடையில் வித்தியாசம் எட்டு, ஆக பதினான்கு. கூட்டினால் 21 மணி நேரம். சரி பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. வெள்ளி இரவு பத்திலிருந்து சனி காலை ஒன்பதரை வரை பதினொன்றரை மணி, அதோடு இலங்கைக்கும் டொரன்டோவுக்கும் உள்ள ஒன்பதரையைக் கூட்டினால் அதே 21. இரண்டும் ஒத்து வந்தால் கணக்குச் சரி. ஒத்து வராவிட்டால் எங்கோ கோடை, குளிர்காலத்தை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

இனி இரண்டு பக்கத்துத் தரையையும் சேர்ப்போம். இரவு ஏழு மணிக்கு நிலையத்தில் நிற்க வேண்டும். வான் ஓட்டம் ஏழு மணி. சாப்பாடு, தொழுகை, டயர் பஞ்சர், குருநாகல் நெரிசல் என்று ஒன்றரை மணி. அப்படியென்றால் வெள்ளி காலை 10.30 க்குப் படலையைத் தாண்ட வேண்டும். டொரன்டோவில் குடிவரவு வரிசை, பை எடுப்பது, ஸ்காபரோ வரை கார் என்று இரண்டரை மணி. சனி பகல் 12 மணிக்கு அங்கே வீட்டு வாசல். காலை பத்தரைக்கு வெளிக்கிட்டவர் மறுநாள் நண்பகலே போய்விட்டார் போலத் தெரியும், உண்மையில் 35 மணி நேரம் ஆகியிருக்கிறது. ஆகாயத்தில் இருந்தது பதினெட்டரை மணி. மிச்சம் பதினாறரை மணியும் தரையில்.

பல தளங்களில் 21 மணிப் பயணம், 24 மணிப் பயணம் என்று ஒப்பிட்டு, மூன்று மணி நேரத்துக்காகப் பெரிய தொகை கூடக் கொடுக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். புறப்படும் மணி பகலில் வானில் போகத் தோதாக இருக்கிறதா என்பது அந்த மூன்று மணியைவிடப் பெரிது. மாலை ஏழு மணி முதல் பதினொரு மணி வரை புறப்படும் விமானம் நம்முடைய பக்கத்துக்கு மிகப் பொருத்தம். காலையில் வெளிக்கிட்டு, காட்டு வீதியைப் பகல் வெளிச்சத்தில் கடந்து, அவசரமில்லாமல் போய்ச் சேரலாம். காலை ஆறு மணி விமானம் மலிவாகக் கிடைத்தால் அறை வாடகையையும் சேர்த்துப் பாருங்கள்.

விமானம் ஏறிய பிறகு, வீட்டில் இருப்பவர்களுக்கு

போகிறவர் இரண்டு விமான எண்களையும், இறங்கும் திகதியையும், இறங்கும் மணியை இலங்கை மணியாக மாற்றியும் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டிவிட்டுப் போக வேண்டும். நம்முடைய உதாரணத்தில் டொரன்டோவில் இறங்குவது இலங்கையில் சனி இரவு 7 மணி. ‘மகன் இறங்கிட்டானா?’ என்று உம்மா சனி காலையிலேயே கேட்கத் தொடங்கினால், அந்தத் தாளைக் காட்டலாம்.

பிளைட்ரேடார்24 போன்ற செயலிகளில் விமான எண்ணைப் போட்டால் விமானம் எங்கே பறக்கிறது என்று தெரியும். பெருங்கடலுக்கு மேலும் வட துருவப் பக்கத்திலும் சில நேரம் அந்தச் சின்ன விமானப் படம் மறைந்துபோகும் அல்லது ஒரே இடத்தில் நிற்கும். பயப்பட எதுவுமில்லை. தரையில் சமிக்ஞை வாங்கும் கருவி அந்தப் பகுதிகளில் குறைவு, கரைக்குக் கிட்ட வந்ததும் மறுபடி தெரியும். இறங்கியது என்று செயலி சொன்ன உடனே தொலைபேசி வராது. புதிய சிம் இருக்காது, வைஃபை பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், வரிசையில் நிற்கும்போது போனை எடுக்க விடமாட்டார்கள். இரண்டு மணி நேரம் பொறுங்கள். அதற்குப் பிறகும் செய்தி இல்லாவிட்டால், கூட்டிப்போக வந்து நிற்கிறவருக்கு எடுத்துப் பேசுங்கள்.